கந்தசஷ்டிச் சாப்பாடும் ஒரு சின்ன நில அதிர்வும்

போன கிழமை தேத்தண்ணி ஆறும்வரைக்கும் ஃபோனைத் தட்டிக்கொண்டிருந்தபோது ஒரு செய்தி கண்ணில் பட்டது. கரீபியன் கடலில் ஒரு தீவுக்குப் பக்கத்தில் இலேசான நில அதிர்வு. அதிக ஆழத்தில் இல்லை. சேதம் எதுவும் இல்லை. இவ்வளவுதான் செய்தி. எழுதினவருக்கே அதில் பெரிய அக்கறை இருந்திருக்காது. எனக்கோ தேத்தண்ணி ஆறி ஏடு படர்ந்துவிட்டது, நான் குடிக்கவில்லை.

பக்கத்தில் இருந்த மகனுக்குச் சொன்னேன். நான் சின்னவளாக இருந்தபோதும் அந்தத் தீவில் இப்படி ஒரு அதிர்வு வந்தது, அதனால் இங்கே சிட்னியில் எங்கள் வீடு தலைகீழாகிப் போனது என்று. அவன் நிமிர்ந்தும் பார்க்காமல், "டிட் எனிபடி டை?" என்றான். இல்லை என்றேன். "தென் வாட்ஸ் த ஸ்டோரி?" என்று கேட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டான்.

ஆகவே உங்களுக்குச் சொல்கிறேன். உங்களுக்கு என் வயது. கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு எழும்புகிற வயது. சிட்னியின் மெரிலேண்ட்ஸில் கறிவேப்பிலைக்கே வழியில்லாத காலத்தில் வந்து இறங்கிய பிள்ளைகள் நாங்கள். வெயில் கொளுத்துகிற நவம்பரிலும் குளிர் பிடித்துவிடும் என்று தாய்மார் கம்பளிச் சட்டை மாட்டிவிட்ட பிள்ளைகள். ஒருவரும் சாகாத கதையும் கதைதான் என்று உங்களுக்கு விளங்கும்.

அந்த வருடம் எனக்குக் கம்பளிச் சட்டை மாட்டிவிட ஆள் இல்லை. அம்மா அந்தத் தீவில் இருந்தார். தீவின் பெயரை வேண்டுமென்றே சொல்லாமல் விடுகிறேன். சொன்னால் உங்களில் ஒருவர் அங்கே நடந்த கிரிக்கெட் மட்சைப் பற்றிக் கதைக்கத் தொடங்குவார், என் கதை அந்தரத்தில் நிற்கும்.

அம்மா ஊரில் டொக்டர். இங்கே வந்ததும் அந்தப் படிப்பு செல்லாது என்றார்கள். சோதனை எழுத வேண்டும், அதற்கு முன்னால் இது வேண்டும், இதற்கு முன்னால் அது வேண்டும் என்று இழுத்துக்கொண்டே போனது. அதுவரைக்கும் அவர் தலைக்கு வலை போட்டுக்கொண்டு ஒரு பிஸ்கட் ஃபாக்டரியில் பொதி கட்டினார். வேலை முடிந்து வந்து என்னைத் தூக்கினால் அவர் கழுத்தில் வெனிலா மணக்கும். எனக்கு அது பிடிக்கும். அவருக்கு அந்த மணத்தைக் கண்டாலே ஆகாது, வந்ததும் வராததுமாகக் குளிக்கப் போய்விடுவார்.

அப்பா கார்ச் சாமான் செய்கிற ஒரு ஃபாக்டரியில் இருந்தார். அது மூடுப்பட்டது. அதன்பிறகு அவர் கன நாள் வீட்டில், யன்னல் பக்கக் கதிரையில் இருந்தார். யாராவது கதவைத் தட்டினால் எழும்பிப் போய் ஷேர்ட் மாட்டிக்கொண்டு வந்துதான் திறப்பார். வேலைக்குப் புறப்படுகிற மனிதர் போலத் தெரியவேண்டும் என்பதற்காக.

அடுத்த தெருவில் ஒரு அங்கிளும் அன்ரியும் இருந்தார்கள். இரத்த உறவு இல்லை, ஆனால் எங்களுக்கு இந்த நாட்டில் இருந்த சொந்தம் அவர்கள்தான். பிள்ளைகள் இல்லாதவர்கள். அங்கிளின் தம்பி அந்தத் தீவில் எஞ்சினியராக வேலை பார்த்தார். அங்கே ஆஸ்பத்திரிக்கு டொக்டர்மார் தேவை, எங்கட படிப்பை அப்படியே எடுக்கிறார்கள், ஒரு வருட ஒப்பந்தம் என்று அவர்தான் அங்கிளுக்குச் சொல்லியிருக்கிறார். அங்கிள் அப்பாவுக்குச் சொன்னார். தை மாதம் அம்மா விமானம் ஏறினார்.

அம்மா போனதைப் பற்றி எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், பெரியவர்கள் கதைக்கும்போது காதில் விழுந்ததுதான். அப்போது கோயில் கட்டியிருக்கவில்லை. ஒரு பள்ளிக்கூட மண்டபத்தை வாடகைக்கு எடுத்துப் பூசை நடக்கும். பூசை முடிந்து சுண்டல் கொடுக்கும்போது அன்ரிமார் அப்பாவைச் சுற்றி நிற்பார்கள். "என்னண்டு பிள்ளையளை விட்டிட்டுப் போக மனம் வந்தது அவவுக்கு?" என்று ஒருவர் கேட்டார். அப்பா சுண்டலைப் பார்த்துக்கொண்டே, "நான் சொல்லிப் பாத்தனான். கேக்கேல்லை. டொக்டர் வேலை எண்டா அவவுக்கு வேற ஒண்டும் கண்ணுக்குத் தெரியாது" என்றார். நான் அவருடைய சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அக்கா அந்தப் பக்கம் நின்றாள்.

அக்காவுக்குப் பதினாலு வயது. அந்த வயதில் ஒரு பெண்பிள்ளைக்குத் தாயிடம் கேட்கவேண்டியது எவ்வளவு இருக்கும் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். அவள் அடுத்த தெரு அன்ரியிடம் கேட்டாள். அன்ரியும் நல்லவர்தான், சொல்லிக் கொடுத்தார், ஆனால் ஒவ்வொரு தரமும் "பெத்தவ செய்யவேண்டிய வேலை" என்று ஒரு பெருமூச்சையும் சேர்த்துக் கொடுத்தார். அன்றைக்குச் சுண்டல் கையோடு வீட்டுக்கு வந்தபின் அக்கா அம்மாவோடு கதைப்பதை நிறுத்திவிட்டாள்.

ஞாயிறு காலையில் அம்மா ஃபோன் எடுப்பார். அங்கே சனி பின்னேரம். நடையில் சுவரில் மாட்டியிருந்த பால் நிற ஃபோன், சுருள் வயர் நிலத்தில் தொங்கும். நாங்கள் கத்துவோம், எங்கள் குரலே திரும்பி வந்து எங்கள் காதில் விழும், அதற்குப் பிறகுதான் அம்மாவின் பதில் வரும். மணி அடித்தவுடன் அக்கா பின்வளவுக்குப் போய்விடுவாள். உடுப்புக் காயப்போடுகிற கொடிக்கம்பியைச் சுற்றிக்கொண்டு நிற்பாள். "அக்கா எங்க?" என்று அம்மா கேட்பார். "வெளியில" என்பேன். "என்ன செய்யிறா?" "சும்மா நிக்கிறா."

கடிதத்துக்குப் பதிலாக அம்மா கசெற்றில் பேசி அனுப்புவார். அங்கிளின் தம்பி யாரிடமாவது கொடுத்துவிடுவார். ரேப் ரெக்கோர்டரைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்து நான் போட்டுக் கேட்பேன். அம்மா சாப்பாட்டைப் பற்றிச் சொல்லுவார், ஆஸ்பத்திரி யன்னலில் வந்து இருக்கிற குருவியைப் பற்றிச் சொல்லுவார். அவர் பேச்சுக்குப் பின்னால் ஒரு சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கும், ஆயிரம் சின்ன விசில் ஊதுவது மாதிரி. அது அந்தத் தீவின் தவளைகள் என்று அம்மா விளங்கப்படுத்தினார். விரல் நுனியளவு தவளைகளாம், மரத்தில் இருந்து கத்துமாம். எனக்கு இரவில் பயம் வந்தால் அந்தத் தவளைகளைக் கேட்டால் போதும். பிறகு ஒருநாள் போட்டபோது தவளைகளைக் காணவில்லை. அப்பா வானொலியில் போன தேவாரத்தை அதே கசெற்றில் பதிவு செய்துவிட்டார். புதுக் கசெற் வாங்கப் போக அவருக்கு அலுப்பு, பஞ்சி. நான் அழுதபோது, "தேவாரம்தானே பிள்ளை, நல்லதுதானே" என்றார். அவரோடு எப்படிச் சண்டை பிடிப்பது, சொல்லுங்கள்.

அப்பா கெட்டவர் இல்லை. அதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். அம்மா போன பிறகு ஒரு பேக்கரிக்கு வான் ஓட்டுகிற வேலை கிடைத்து, விடியமுன் எழும்பிப் போவார். மிஞ்சின பாண் கொண்டு வருவார். காலையும் பாண், மத்தியானமும் பாண், பருப்பு அடிப்பிடித்தால் இரவும் பாண். எனக்குத் தலை இழுத்துப் பின்னிவிடப் பழகினார். ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் மெலிந்தும் இரண்டு பின்னல் வரும். நான் அப்படியே பள்ளிக்கூடம் போவேன்.

ஆனால் நாள்களைப் பார்க்க அவருக்குத் தெரியாது. எது அமாவாசை, எது கார்த்திகை, என்றைக்கு மரக்கறி, என்றைக்கு மச்சமாமிசம் என்பதெல்லாம் அம்மாவின் தலைக்குள் இருந்தது. அம்மா போனதும் எங்கள் வீட்டில் எல்லா நாளும் ஒரே நாளாகப் போயின. இந்தக் கதைக்கு இது முக்கியம், ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐப்பசி முடிகிற நேரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா அப்பாவோடு கொஞ்சம் கூடுதலாகக் கதைத்தார். ஆஸ்பத்திரியில் அவரை இன்னும் ஒரு வருடம் இருக்கச் சொல்லிக் கேட்கிறார்களாம். அடுத்த கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். அப்பா வயரை விரலில் சுற்றிக்கொண்டு, "உன்ர விருப்பம்" என்றார். அம்மா ஏதோ கேட்டார். அப்பா மறுபடியும், "நீ யோசிச்சுச் செய். உன்ர விருப்பம்தான்" என்றார். மரியாதையாகப் பேசினார் என்றுதான் அப்போது நினைத்தேன். வா என்று கேட்க வெட்கப்பட்ட மனிதர் அப்படித்தான் பேசுவார் என்று தெரியக் கன காலம் எடுத்தது. ஃபோனை வைத்த பிறகு அக்கா உள்ளே வந்தாள். விசயத்தை நான் சொன்னேன். "இருக்கட்டுமே, ஆருக்கு என்ன?" என்றுவிட்டு அறைக்கதவைச் சாத்தினாள்.

அடுத்த சனிக்கிழமை அப்பாவுக்கு லீவு. குசினியில் வானொலி போய்க்கொண்டிருந்தது. ஆங்கிலச் செய்தி. கடைசியில் ஒரு வரி வந்தது, அம்மா இருக்கிற தீவின் பெயர், அதற்குப் பக்கத்தில் ஒரு நில அதிர்வு. சின்னதா பெரியதா என்று சொன்னார்களோ தெரியாது. அப்பா வானொலியின் சத்தத்தைக் கூட்டுவதற்குள் காலநிலை அறிக்கை தொடங்கிவிட்டது.

அப்பா ஃபோனடிக்குப் போனார். அவரிடம் இருந்தது அம்மா தங்கியிருந்த குவாட்டர்ஸ் நம்பர் மட்டும். சுழற்றினார். அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. திரும்பவும் சுழற்றினார். பிறகு அங்கிள் வீட்டுக்கு எடுத்தார். அங்கேயும் ஆள் இல்லை. சனிக்கிழமை காலையில் அங்கிளும் அன்ரியும் வீட்டில் இல்லாமல் இருப்பது வழமையில்லை. அப்பாவின் முகம் மாறத் தொடங்கியது. அங்கே என்ன நடந்தாலும் அங்கிளின் தம்பி முதலில் அங்கிளுக்குத்தான் அறிவிப்பார் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். அக்கா தன் அறை வாசலில் வந்து நின்றாள். நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

மத்தியானம் போல வாசல் மணி அடித்தது. அப்பா ஷேர்ட் மாட்டப் போகவில்லை, பெனியனோடு ஓடிப்போய்த் திறந்தார். அங்கிளும் அன்ரியும் நின்றார்கள்.

அங்கிள் வெள்ளை வேட்டி கட்டிச் சால்வை போட்டிருந்தார். அவரை நான் கால்சட்டையோடு அல்லாமல் கண்டது குறைவு. அன்ரி சரிகை இல்லாத ஒரு வெள்ளைப் பருத்திச் சேலை. முகம் வாடிக் கண் உள்ளே போயிருந்தது. எங்கள் வீட்டுக்கு வந்தால் படியிலேயே சத்தம் போடத் தொடங்குகிற மனுசி, அன்றைக்கு ஒரு சொல்லும் இல்லாமல் செருப்பைக் கழற்றினார். கையில் அடுக்குச் சட்டி. நேரே குசினிக்குப் போய் மேசையில் ஒவ்வொரு தட்டாகக் கழற்றி வைத்தார். சோறு. பருப்பு. கத்தரிக்காய்ப் பால்கறி. கீரை.

சனிக்கிழமை அன்ரி கொண்டு வருவது ஆட்டிறைச்சிக் கறி. இல்லையென்றால் மீன் குழம்பு. நாங்கள் அந்த ஒரு நாளுக்காகக் கிழமை முழுக்கப் பாண் சாப்பிடுகிறவர்கள் என்று அவருக்குத் தெரியும். வருடம் முழுக்க ஒரு சனியும் அது தவறியதில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் செத்தவீடு என்றால் அங்கே அடுப்பு மூட்ட மாட்டார்கள், அயலவர்தான் மரக்கறிச் சாப்பாடு சமைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். உங்களுக்கு நான் இதைச் சொல்லத் தேவையில்லை. எனக்கே அந்த வயதில் தெரிந்திருந்தது. அப்பா கத்தரிக்காய்க் கறியைப் பார்த்தார். அங்கிளின் வேட்டியைப் பார்த்தார். அங்கிள் கதிரையில் இருந்து தொண்டையைச் செருமி, "தம்பி, முதல்ல இரும். இருந்து ஒரு வாய் தண்ணி குடியும். ஒரு விசயம் சொல்லவேணும்" என்றார்.

அப்பா நிலத்தில் இருந்துவிட்டார். கையிரண்டையும் தலையில் வைத்துக்கொண்டார்.

"நான்தான் அனுப்பினனான்" என்றார். "அவ போறன் எண்டு சொல்லவேயில்லை. பிள்ளையளை விட்டிட்டுப் போகமாட்டன் எண்டு காலைப் பிடிச்சு அழுதவ. நான்தான், என்ர வேலையும் போட்டுது, உன்ர படிப்பும் வீணாகுது, போ போ எண்டு பிடிச்சுத் தள்ளினனான். பிறகு சனத்துக்கு முன்னால அவ கேளாமல் போனவ எண்டு சொல்லிப்போட்டன். மனுசி உழைச்சு அனுப்ப இருந்து சாப்பிடுறான் எண்டு சொல்லுவினமே எண்டு. ஐயோ, அவ அதையும் கேட்டுக்கொண்டு ஒண்டும் சொல்லாமல் இருந்தவ. நான்தான் அவவைச் சாக்கொண்டனான்."

அப்பா அழுது நான் கண்டது அன்றைக்குத்தான். சத்தமே இல்லாமல் அழுதார். தோள் மட்டும் குலுங்கியது. நான் ஓடிப்போய் அவர் முதுகில் படுத்துக்கொண்டேன். என்ன நடந்தது என்று எனக்கும் விளங்கிவிட்டது, அம்மா இல்லை. அந்த வீட்டின் குசினி, மேசை, கீரை, எல்லாம் எனக்கு இன்றைக்கும் அப்படியே கண்ணுக்குள் நிற்கிறது. அந்தச் சில நிமிடம் நான் தாயில்லாப் பிள்ளையாக இருந்தேன். அதை ஒருவரும் என்னிடமிருந்து திருப்பி எடுக்க முடியாது.

அங்கிள் வாயைத் திறந்தபடி இருந்தார். அன்ரி கையில் அகப்பையோடு நின்றார்.

"என்ன விசர்க் கதை கதைக்கிறீர்?" என்று அங்கிள் எழும்பினார். "ஆர் ஆரைச் சாக்கொண்டது? அவ நல்ல சுகமா இருக்கிறா. விடிய என்ர தம்பி அங்கயிருந்து ஃபோன் எடுத்தவன். சின்ன ஆட்டமாம், ஒரு கோப்பை கூட உடையேல்லையாம். நீங்கள் செய்தியில கேட்டாப் பயப்பிடுவியள் எண்டு சொல்லிப்போட்டுப் போக வந்தனாங்கள்."

"அப்ப ஏன் இப்பிடி வேட்டியோட..."

"கந்தசஷ்டி எல்லே! மண்டபத்தில பூசை முடிஞ்சு நேர வாறம்."

"அந்தக் கறி..."

"விரத நாளில மச்சம் சமைக்கிறதோ?" என்றார் அன்ரி. "நான் தண்ணி வென்னியும் இல்லாமல் நிக்கிறன். பிள்ளையள் பசி கிடக்குங்கள் எண்டு சமைச்சுக்கொண்டு வந்தனான்."

அப்போது யாராவது சிரித்திருக்க வேண்டும். பின்னாளில் இதைச் சொல்லி எவ்வளவோ தரம் சிரித்திருக்கிறோம். அன்றைக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. ஏனென்றால் அப்பா சொன்னது சொன்னதுதான். அம்மாவுக்கு உயிர் திரும்பி வந்துவிட்டது, அந்தச் சொற்கள் திரும்பிப் போகவில்லை. அப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அன்ரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் அவவைப் பற்றி எத்தினை இடத்தில வாய்க்கு வந்தபடி கதைச்சுப்போட்டன்" என்றார். அப்பாவைப் பார்த்துச் சொல்லவில்லை. கீரைத் தட்டைப் பார்த்துச் சொன்னார்.

அக்கா வாசலில் நின்றபடிதான் இருந்தாள். "அங்கிள், ஆஸ்பத்திரி நம்பர் இருக்கோ?" என்று கேட்டாள். அந்தச் சுண்டல் நாளுக்குப் பிறகு அவள் முதல் தரம் அந்த ஃபோனுக்குப் பக்கத்தில் போனாள்.

அங்கிள் தன் தம்பிக்கு எடுத்து வார்ட் நம்பரை வாங்கி, பிறகு வார்டுக்கு எடுத்தார். அங்கே இரவு, அம்மாவுக்கு நைட் டியூட்டி. அதனால்தான் குவாட்டர்ஸில் யாரும் எடுக்கவில்லை. அப்பா முதலில் வாங்கினார். "சுகமோ?" என்றார். "ஒண்டுமில்லை, சும்மாதான் எடுத்தது" என்றார். ரிசீவரை என்னிடம் தந்துவிட்டார்.

அம்மா நல்ல உற்சாகமாக இருந்தார். அதிர்வு ஆழத்தில் வராததால் உறுமல் பெரிதாகக் கேட்டதாம், ஆட்டம் கொஞ்சம்தானாம். "மருந்துக் குப்பியள் எல்லாம் கிலுகிலு எண்டிச்சுது. நான் பயந்து கட்டிலுக்குக் கீழ பூந்திட்டன். நோயாளியள் கட்டிலுக்கு மேல இருந்து என்னைப் பாத்துச் சிரிக்கினம்" என்றார். பிறகு வழமையான கேள்வி. "அக்கா எங்க?"

"பக்கத்தில நிக்கிறா" என்றேன்.

அக்கா ரிசீவரை வாங்கினாள். நான் என் காதையும் அதன் மற்றப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டேன். அவள் என்னைத் தள்ளவில்லை.

"அப்பாதான் உங்களைப் போகச் சொன்னவராம்" என்றாள்.

அவள் குரல் போய்த் திரும்பி வந்தது. அம்மாவின் பதில் அதற்கும் பிறகுதான் வந்தது. "ஆர் சொன்னது?"

"அவர்தான். எல்லாருக்கும் முன்னால."

"அன்ரியவை நிக்கினமோ?"

"ஓம்."

"ஐயோ, பாவம் மனுசன்" என்றார் அம்மா. "அன்ரியிட்டச் சொல்லு பிள்ளை, வெளியில கதைக்க வேண்டாமெண்டு."

அக்காவின் கழுத்து நரம்பு புடைத்தது. "இப்பவும் அவரைத்தான் பாக்கிறீங்கள். நான் மாசக்கணக்கா உங்களோட கதைக்கேல்லை. நீங்கள் ஏன் எனக்கு உண்மையைச் சொல்லேல்லை?"

அம்மா குரலைத் தாழ்த்தினார். "நீ பிள்ளை. உன்ர கோவம் ஒருநாளைக்குப் போயிடும் எண்டு நினைச்சனான். அவர் அங்க அந்த நாலு சனத்துக்கு நடுவிலதானே இருக்கவேணும். அவருக்குத் தலை குனிவு வந்தா அவர் எழும்பமாட்டாரடி."

பெரிய படிப்புப் படித்த அம்மாவின் கணக்கு அன்றைக்கு அங்கே பிழைத்தது. பிள்ளையின் கோபத்தை அவர் இலேசாக எடுத்துவிட்டார்.

"போகாது" என்றாள் அக்கா. அழுதுகொண்டு, தமிழிலும் ஆங்கிலத்திலும் மாறி மாறிக் கத்தினாள். "என்ர கோவம் போகாது. ஐ நீட் யூ ஹியர். இன்னொரு வருசம் எண்டு சைன் வைக்காதேங்கோ. வாங்கோ அம்மா. நீங்கள் வந்தாத்தான் போகும்."

அம்மா வாறன் என்றார். யோசிக்கவில்லை, அப்பாவைக் கேட்கவில்லை. "தை மாசம் வாறன்" என்றார். அவ்வளவுதான் கேட்டது, பிறகு மூன்று பேரும் அழுதோம், கோடு அறுந்துவிட்டது.

தை மாதம் அம்மா வந்துவிட்டார். அன்ரி கடைசிவரை ஒருவரிடமும் சொல்லவில்லை. ஆனால் மண்டபத்தில் யாராவது அம்மாவைக் குறை சொன்னால், காரணம் சொல்லாமலே சண்டைக்குப் போவார். "உங்களுக்கு என்ன தெரியும் அவவைப் பற்றி?" என்று கேட்டுவிட்டு வாயை இறுக்கி மூடிக்கொள்வார். சனம் அன்ரிக்கு என்னவோ நடந்துவிட்டது என்று கதைத்தது. அப்பா அன்றிலிருந்து எங்கள் முன்னால் கொஞ்சம் மெதுவாகப் பேசினார், அம்மாவுக்குக் காலையில் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார், சாகும்வரைக்கும்.

அம்மா பிறகு இங்கே டொக்டராக வேலை செய்யவில்லை. ஒரு இரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி போட்டு இரத்தம் எடுத்தார். நோகாமல் எடுக்கிறவ என்று சனம் தேடி வரும். சோதனை என்ன ஆயிற்று என்று கேட்டால், "வயசு போட்டுது, இனி ஆர் படிக்கிறது" என்பார். நாங்களும் அதை நம்பினோம். பிள்ளைகள் நம்ப விரும்புகிறதைத்தான் தாய்மார் சொல்லுகிறார்கள்.

அம்மாவின் செத்தவீடு முடிந்த அன்று, அங்கிள் என்னைக் கார்த் தரிப்பிடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். எண்பது தாண்டிய மனிதர், தடியை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"அந்த ரெண்டாவது வருசம்" என்றார். "அதை முடிச்சிருந்தா இஞ்ச ஒரு ஆஸ்பத்திரி அவவை எடுக்கத் தயாரா இருந்தது. ரெண்டு வருசம் தொடர்ச்சியா செய்த வேலை வேணும் எண்டவை. என்ர தம்பிதான் எல்லாம் கதைச்சு ஒழுங்கு பண்ணினவன். அண்டைக்கு ஃபோனை வைச்ச பிறகு அவ தம்பியிட்டப் போய், வேண்டாம், நான் போறன், பிள்ளை கூப்பிடுறாள் எண்டிட்டா. ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது எண்டும் சத்தியம் வாங்கினவ. அவ போட்டா, இனி நான் சுமக்கேலாது. அதுதான் உனக்குச் சொல்லுறன்."

அக்கா இப்போது மெல்பேர்னில், ட்ருகனினாவில், பேரப்பிள்ளையோடு இருக்கிறாள். கலியாண வீடுகளில் நாலு பேர் சேர்ந்தால் இன்றைக்கும் அந்தக் கத்தரிக்காய்க் கறிக் கதையைச் சொல்லுவாள். வேட்டியையும் விரதத்தையும் அவள் நடித்துக் காட்டினால் எல்லாருக்கும் சிரித்துச் சிரித்து வயிறு நோகும். கடைசியில் நெஞ்சில் கை வைத்து, "நான் கூப்பிட்டனான், என்ர அம்மா வந்தவ" என்பாள். அவளுடைய வாழ்க்கையில் அதற்கு மேல் ஒரு பெருமை கிடையாது.

தமிழ் வாசிப்பதை அவள் விட்டுக் கனகாலம். அந்தத் துணிவில்தான் இதை எழுதுகிறேன். எங்காவது அவளைக் கண்டால் கதையைக் கேளுங்கள், வயிறு நோகச் சிரியுங்கள். அங்கிள் சொன்னதை மட்டும் அவளிடம் சொல்லிப்போடாதேங்கோ.